எஃகுச் சக்கரத்துக்கு மறுவர்ணம்

ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கி 2014 வரை வங்காளத்து உத்தரபாராத் தொழிற்சாலையில் உற்பத்தியாகி, மந்திரிகளையும் சாமானியப் பிரயாணிகளையும் ஒருசேரச் சுமந்த அம்பாஸடர் காரை இன்றும் அருமையாகப் பேணி வருகிறவர்கள், அதன் உடம்பின் பளபளப்பில் காட்டும் சிரத்தையில் பாதியையேனும் அதன் 15 அங்குல எஃகுச் சக்கரங்களிடம் காட்டினால் நல்லது. சேறும் தண்ணீரும் பிரேக்கின் உஷ்ணமும் ஓயாமல் தாக்குவது அவற்றைத்தான்.

இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே உள்ள வர்ணத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிட்டு, அந்த வெடிப்பின் வழியே மேலும் ஈரத்தை வரவழைத்துப் பரவுகிறது. ஆகையால் துருவின் மேலேயே புது வர்ணம் பூசுவது புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவதற்கு ஒப்பாகும்.

டயரையும் பாலன்ஸ் வெயிட்டுகளையும் கழற்றி, மண்ணெண்ணெயால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிய பின், பெயின்ட் ரிமூவர் தடவிப் பழைய பூச்சைச் சுரண்ட வேண்டும். கம்பி பிரஷ் மேல்துருவை நீக்குமே தவிர, குழிகளுக்குள் ஒளிந்திருப்பதைச் சில சமயம் மெருகேற்றி மறைத்துவிடும். அரிப்பு ஆழமாக இருந்தால் சாண்ட் பிளாஸ்டிங் செய்யும் பட்டறையே சிலாக்கியம். இரும்பு நிர்வாணமாக நிற்கும் இந்தத் தருணமே பரிசோதனைக்கும் உகந்தது. போல்ட் துளைகளைச் சுற்றியோ பற்றவைப்பின் ஓரத்திலோ விரிசல் தென்பட்டால், அந்தச் சக்கரத்தைக் கழித்துவிட வேண்டும்.

சுத்தமான எஃகு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருவேறத் தொடங்குமாதலால், அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை வர்ணம் ஏற்ற வேண்டும். டயரின் விளிம்பு அமரும் இடமும் வழவழப்பாக இருப்பது முக்கியம். அங்கே சொரசொரப்பு மிஞ்சினால் டியூபை அறுக்கும், டியூபில்லாத டயரானால் காற்றைக் கசியவிடும்.

எல்லாவற்றிலும் பிரதானமான விஷயம், வர்ணம் பூசக் கூடாத இடங்கள். நட்டு வந்து உட்காரும் கூம்பு வடிவக் குழியிலும், ஹப்போடு பொருந்தும் பின்முகத்திலும் கனமாக வர்ணம் படிந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி மெலிந்து, இறுக்கமாயிருந்த நட்டு தானே தளர்ந்துவிடும். அழகுக்காகச் செய்த காரியம் உயிருக்கே அபாயமாய் முடியும். பூசுவதற்கு முன் அந்த இடங்களை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிடுங்கள். சக்கரத்தை மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு, நட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பார்க்கத் தவறாதீர்கள்.