மொழி படிக்கிறோம், முன்னேறுகிறோமா? கணக்கு வைத்துக்கொள்வது எப்படி



சுவிசுக்கு வந்து சில மாதங்களான பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. "வகுப்புக்குப் போறன், முகாமிலையும் இருந்து படிக்கிறன். ஆனால் ஒண்டும் ஏறுதில்லை."

உண்மையில் ஏறாமல் இருப்பதில்லை. ஏறுவது எங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கடையில் ஒரு சொல் விளங்காவிட்டால் படித்த நூறு சொல்லும் வீண் என்று மனம் சொல்லும். அதனால் கன பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இங்கே மொழி அறிவு பின்னர் வதிவிட அனுமதியோடும் தொடர்புபடும் விடயம். எனவே முதல் நாளில் இருந்தே உங்கள் முன்னேற்றத்தை எழுதி வைக்கப் பழகுங்கோ.

படிகள் எவை?

ஐரோப்பாவில் மொழி அறிவை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. இதற்கான யோசனை சூரிச்சுக்கு அருகிலுள்ள றுஷ்லிக்கோனில் 1991இல் நடந்த மகாநாட்டில் முன்வைக்கப்பட்டது. ஐரோப்பிய சபை 2001இல் இதை நூலாக வெளியிட்டது. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் எல்லாவற்றுக்கும் இதே படிகள்தான்.

ஒரு விளக்கம்: பி அனுமதி, சி அனுமதி என்று சொல்லும் எழுத்துகளுக்கும் இந்த பி, சி படிகளுக்கும் சம்பந்தம் இல்லை. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏ1: பெயர், விலாசம், பிறந்த திகதி சொல்ல முடியும். மற்றவர் ஆறுதலாகக் கதைத்தால் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும்.

ஏ2: டொக்டரிடம் நேரம் எடுக்கவும், எங்கே நோகிறது என்று சொல்லவும், பஸ், வீடு, வேலை பற்றிச் சுருக்கமாகக் கதைக்கவும் முடியும்.

பி1: நடந்த ஒரு விடயத்தை முதலில் இருந்து கடைசி வரை சொல்லவும், ஏன் என்று காரணம் சொல்லவும், வேலையிடத்தில் சமாளிக்கவும் முடியும்.

இந்தப் படிகள் எத்தனை சொல் பாடம் என்று கேட்பதில்லை. "என்ன செய்ய முடியும்?" என்றுதான் கேட்கின்றன. உங்கள் கணக்கும் அப்படியே இருக்கட்டும்.

அவசரப்படவும் வேண்டாம். கேத்தே நிறுவனத்தின் கணக்குப்படி ஜேர்மனில் ஏ1 முடிக்க 45 நிமிடப் பாடங்கள் 80 முதல் 200 வரை தேவை. பி1 வரை போக மொத்தம் 350 முதல் 650 வரை. ஏ1 கெதியாக முடியும், அதற்குப் பிறகு வேகம் குறைந்தது போல இருக்கும். அது உங்களில் குறை அல்ல, படிகளே மேலே போகப் போகப் பெரிசாகின்றன.

கொப்பி ஒன்று போதும்

ஒரு சாதாரணக் கொப்பியை எடுத்து நாலு பகுதியாகப் பிரியுங்கோ: கேட்டல், கதைத்தல், வாசித்தல், எழுதுதல். நாலும் ஒரே வேகத்தில் வளராது. பரீட்சைகளிலும் வாய்மொழிக்கும் எழுத்துக்கும் வெவ்வேறு படி கிடைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் மற்றவர் உதவி இல்லாமல் செய்த ஒரு காரியத்தைத் திகதியோடு எழுதுங்கோ. தமிழிலேயே எழுதலாம். உதாரணமாக:

"மார்ச் 3. ஸ்ரேசனில் எந்த மேடை என்று கேட்டேன். பதில் விளங்கவில்லை."

"ஏப்ரல் 14. அதே கேள்வி. இலக்கம் விளங்கியது."

முடியாமல் போனதையும் எழுதுங்கோ. அடுத்த வாரம் எதைப் படிப்பது என்பதை அதுதான் காட்டும்.

மாதத்தில் ஒருநாள், "நேற்று என்ன செய்தேன்" என்று இரண்டு நிமிடம் கதைத்து கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கோ. அழிக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து முதலாவதைப் போட்டுக் கேளுங்கோ. வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும்.

வகுப்பில் ஒன்று, வீதியில் இன்னொன்று

ஜேர்மன் மொழி மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய தலையிடி. வகுப்பில் படிப்பிப்பது எழுத்து ஜேர்மன். வீதியில் கதைப்பது சுவிஸ் ஜேர்மன். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் மனம் உடையும். கேட்டல் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கோ.

இதைச் சோதிக்க ஒரு சுகமான வழி: சுவிஸ் தொலைக்காட்சியில் இரவு 7.30 செய்தி எழுத்து ஜேர்மனில் வரும். அதற்குப் பிறகு வரும் வானிலை சுவிஸ் ஜேர்மனில் வரும். இரண்டிலும் எத்தனை விடயம் விளங்கியது என்று வாரம் ஒருக்கால் குறியுங்கோ. வெளியில் விளங்காவிட்டால் "பிற்றே ஹோஹ்டொய்ச்" என்று கேளுங்கோ. எழுத்து ஜேர்மனில் சொல்லுங்கள் என்று அர்த்தம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பத்திரங்களைச் சேர்த்து வையுங்கோ

கொப்பி உங்களுக்கு, கோவை அதிகாரிகளுக்கு. வகுப்புக்குப் போனதற்கான ஒவ்வொரு பத்திரத்தையும் ஒரு கோவையில் போட்டு, படமும் எடுத்து வையுங்கோ. முகாம் மாறும்போது கன பத்திரங்கள் தொலைகின்றன.

வகுப்புக்குப் போன பத்திரம் வேறு, அங்கீகரிக்கப்பட்ட பரீட்சைச் சான்றிதழ் வேறு. ஃபீடே பரீட்சை எடுத்தால் வாய்மொழி, எழுத்து இரண்டின் படியும் குறித்த மொழிக் கடவுச்சீட்டு ஒன்று தருவார்கள். சி அனுமதிக்கு வழமையாக வாய்மொழி ஏ2, எழுத்து ஏ1 கேட்பார்கள். ஐந்து வருடத்தில் முன்கூட்டியே கேட்பவர்களுக்கு வாய்மொழி பி1. பிரஜாவுரிமைக்கு வாய்மொழி பி1, எழுத்து ஏ2. சில மாநிலங்கள் அதற்கு மேலும் கேட்கும். எஃப் அனுமதியில் இருப்பவர்கள் ஐந்து வருடத்துக்குப் பிறகு பி அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, எவ்வளவு இணைந்து வாழ்கிறார்கள் என்று பார்ப்பார்கள். மொழியும் அதில் ஒன்று.

இதை வாசித்துப் பயப்பட வேண்டாம். அகதி அந்தஸ்து அல்லது எஃப் அனுமதி பெற்றவர்களுக்காக 2019இல் தொடங்கிய ஒருங்கிணைப்புத் திட்டம் வைத்த இலக்கு, வந்து மூன்று வருடத்தில் குறைந்தது ஏ1 என்பதுதான்.

ஒரு மாதம் ஒன்றும் எழுத இல்லையா?

முகாம் மாற்றம், ஊரில் இருந்து கெட்ட செய்தி, நித்திரை இல்லாத இரவுகள், முடிவு வராத காத்திருப்பு: இவை எல்லாம் படிப்பைத் தடுக்கும். நடந்ததை ஒரு வரியில் குறித்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கோ. நித்திரையின்மையும் மறதியும் தொடர்ந்தால் டொக்டரிடம் சொல்லுங்கோ. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடும் பக்கத்து அறைக்காரரோடும் உங்களை ஒப்பிட வேண்டாம். ஒப்பிட வேண்டியது போன மாதத்து நீங்கள் மட்டும்தான்.

முக்கிய கவனம்

அகதி விண்ணப்ப விசாரணை மொழிப் பரீட்சை அல்ல. கேள்வி ஜேர்மனில் விளங்கினாலும், மொழிபெயர்ப்பாளர் முடிக்கும் வரை பொறுத்திருந்து தமிழிலேயே முழுமையாகப் பதில் சொல்லுங்கோ. ஏ2 அறிவோடு சொல்லும் கதையில் திகதியும் காரணமும் பிசகினால் அது உங்கள் வழக்கையே பாதிக்கலாம். முடிவில் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். பிழை இருந்தால் திருத்தச் சொல்லி, அதன் பிறகே கையொப்பம் இடுங்கோ.

வருகிற ஞாயிறு முதல் பக்கத்தை எழுதுங்கோ. எமது ஆலோசனை நேரத்துக்கு வரும்போது கொப்பியையும் கோவையையும் மறக்காமல் கொண்டு வாருங்கோ. எந்தப் பரீட்சைக்கு எப்போது போகலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.