வந்துட்டியா?

விளையாடிவிட்டு, இருட்டிய பிறகு வீட்டுக்குள் நுழைகிறீர்கள். “வந்துட்டியா?” என்கிறார் அம்மா. அந்தச் சொல் மெல்ல இழுபட்டு வந்தால், இவ்வளவு நேரம் உங்களை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறார். வெடுக்கென்று வந்தால், நேரே போய்க் கைகால் கழுவிக்கொண்டு புத்தகத்தை எடுப்பது நல்லது. சொல் ஒன்றுதான், மாறியது தொனி.

தொனி எப்படி மாறுகிறது? கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து “ஈ…” என்று தாழ்ந்த குரலில் தொடங்கி, மெல்ல உயர்த்திப் பாருங்கள். குரல்வளை மேலே ஏறுவது விரலுக்குத் தெரியும். அதற்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிர வைக்கிறது. பெரிய ஆண்களுக்கு நொடிக்கு ஏறக்குறைய 120 தடவை, பெண்களுக்கு 200 தடவை, உங்கள் வயதில் 250-க்கும் மேல்! ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்துச் சுண்டுவது போல, நாண்கள் இறுக இறுகக் குரல் உயரும். பயமோ கோபமோ வந்தால் உடம்பின் தசைகள் இறுகும், மூச்சும் வேகமெடுக்கும். வாய் ஒன்றும் சொல்லாவிட்டாலும் குரல் சொல்லிவிடும்.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் பேசும்போது கவனித்திருக்கிறீர்களா? என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. ஆனால் சண்டையா, அரட்டையா என்பது தெரிந்துவிடும். ‘ச’, ‘ட’ போன்ற எழுத்துகளைத் தெளிவாகக் காட்டும் கூர்மையான ஒலிகளைக் கதவு பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. குரலின் ஏற்ற இறக்கத்தைச் சுமந்து வரும் தாழ்ந்த அதிர்வுகள் மட்டும் கடந்து வருகின்றன.

நாம் எல்லோரும் முதன்முதலில் பேச்சைக் கேட்டது இப்படித்தான், அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபடி! ஜெர்மனியைச் சேர்ந்த காத்லீன் வெர்ம்கே என்ற விஞ்ஞானியின் குழு, பிறந்து சில நாட்களே ஆன 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து ஆராய்ந்தது. பாதிப் பேர் பிரெஞ்சுக் குழந்தைகள், மீதிப் பேர் ஜெர்மன் குழந்தைகள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் தாழ்விலிருந்து உயர்ந்தது. ஜெர்மன் குழந்தைகளுடையது உயரத்தில் தொடங்கி இறங்கியது. அந்தந்த மொழியின் ராகமும் அப்படித்தான்! 2009-இல் வெளியான இந்த முடிவு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஒரு சொல்கூடத் தெரியாத குழந்தை, மொழியின் ராகத்தை வயிற்றிலேயே கேட்டுப் பழகியிருக்கிறது.

நாய்கள் மட்டும் சும்மாவா? ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கினார்கள். பாராட்டுச் சொல்லைக் கொஞ்சும் குரலிலும் சொன்னார்கள், உணர்ச்சியே இல்லாத குரலிலும் சொன்னார்கள். பாராட்டே இல்லாத சாதாரணச் சொல்லைக் கொஞ்சியும் பார்த்தார்கள். பரிசு கிடைத்தால் மகிழும் மூளைப் பகுதி, சொல்லும் தொனியும் இரண்டுமே பாராட்டாக இருந்தபோதுதான் துள்ளியது. 2016-இல் வந்த முடிவு இது. வெறும் கொஞ்சலால் நாயை ஏமாற்ற முடியாது!

இன்னொன்றை நீங்களே சோதிக்கலாம். சிரிக்கும்போது உதடுகள் பக்கவாட்டில் விரிகின்றன. வாய்க்குள் ஒலி வரும் பாதை கொஞ்சம் குட்டையாகி, குரலின் நிறமே மாறுகிறது. நண்பரைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். “இன்னைக்கு இட்லி” என்று ஒருமுறை புன்னகையோடும் ஒருமுறை புன்னகை இல்லாமலும் சொல்லுங்கள். எப்போது சிரித்தீர்கள் என்று அவர் கண்டுபிடிக்கிறாரா, பாருங்கள்.