மழைநீர் எந்தப் பக்கம் ஓடும்?

மே மாதம் பிறந்துவிட்டால் மன்னார்த் தீவில் தென்மேற்கிலிருந்து காற்று எழும். செப்டம்பர் வரை ஓயாது. சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கொண்டே கடலுக்குப் போவதா, வலையைப் பொத்திக்கொண்டு கரையில் இருப்பதா என்று முடிவெடுக்கிற ஊர் அது. அதே காற்றைக் கொழும்பு சில ஆண்டுகளாக மெகாவாட்டில் அளந்துகொண்டிருக்கிறது.

2020 டிசம்பரில் தீவின் தென்கரையோரம் 30 காற்றாடிகள் சுழலத் தொடங்கின. 'தம்பபவனி' என்று பெயர். 103.5 மெகாவாட். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இலங்கை மின்சார சபை தன் சொந்த உடைமையாகக் கட்டிய முதல் பெரிய காற்றாலை அதுதான். தாழ்வுபாட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு இப்போது பனைமரத் தலைகளுக்கு மேலே வெள்ளை இறக்கைகள் சுற்றுவது பழகிப்போன காட்சி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்று மின்சாரம் வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்த நாடு இலங்கை. எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் கொடுக்க டொலர் இல்லாமல் ஒரு தேசமே இருட்டில் உட்கார்ந்திருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. காற்றுக்கு டொலர் கொடுக்க வேண்டியதில்லை. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து வரவேண்டும் என்ற இலக்கும் நியாயமானதே. என் வருத்தம் காற்றாலையைப் பற்றியது அல்ல. ஒரு காற்றாலைத் திட்டத்தை அரசு எப்படிப் பரிசீலித்தது, எந்தக் கேள்வியை முதலில் கேட்டது, எதைக் கடைசிக்குத் தள்ளியது என்பதைப் பற்றியது.

அந்த மின்வெட்டு நடந்த அதே மார்ச் மாதத்தில்தான் இந்தியாவின் அதானி குழுமத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னர் உறுதியான கணக்கில் மன்னாரில் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட், ஆக 484 மெகாவாட். முதலீடு 44.2 கோடி அமெரிக்க டொலர். விலைமனு கோரப்படவில்லை. ஜூன் 9ஆம் தேதி நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி, போட்டி விலைமனு இல்லாமலே இத்தகைய திட்டங்களை வழங்க வழிசெய்தது. மறுநாள் பொது நிறுவனங்களை விசாரிக்கும் கோப் குழுவின் முன் வந்த மின்சார சபைத் தலைவர், இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுப்பதாக ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச தன்னிடம் சொன்னார் என்றார். ஜனாதிபதி உடனே மறுத்தார். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று தலைவரும் வார்த்தையைத் திரும்பப் பெற்றார். இரண்டொரு நாளில் பதவியையும் விட்டார். நாட்டுக்கு நாடு பேசிக்கொண்ட திட்டம் என்ற பேச்சு அன்று விழுந்ததுதான். அதன்பின் எந்த அதிகாரி எவ்வளவு நேர்மையாகக் கோப்பைப் புரட்டியிருந்தாலும் மக்கள் அதை நம்பத் தயாராக இல்லை.

2023 பிப்ரவரியில் முதலீட்டுச் சபையின் அனுமதி. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்ததோ 2024 தொடக்கத்தில். ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து! வீட்டுக்கு அத்திவாரம் போட்டுச் சுவரும் எழுப்பியபின், காணியின் மண் எப்படி என்று கேட்பதைப் போன்றது இது.

அந்த அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் செய்த திருத்தத்தின் வழியே வந்த ஏற்பாடு இது. பெரிய திட்டம் என்றால் அறிக்கை தயாரிக்க வேண்டும், மும்மொழியிலும் அறிவித்தல் வரவேண்டும், பொதுமக்கள் 30 நாளுக்குள் கருத்து எழுதி அனுப்பலாம். நல்ல சட்டம். ஆனால் ஊராரை நேரில் அழைத்துக் கேட்பது கட்டாயம் இல்லை. பொதுநலன் கருதி அவசியம் என்று அதிகாரிகள் நினைத்தால் நடத்தலாம், அவ்வளவுதான். கரைவலை இழுக்கிறவர் நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையை முப்பது நாளில் படித்து, எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும் என்றால் அந்த உரிமை யாருக்காக எழுதப்பட்டது?

இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. மன்னார் அறிக்கையில் திட்டத்தை முன்மொழிபவர் என்ற இடத்தில் இருந்தது இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை. அரசு நிறுவனம். பரிசீலிக்க வேண்டிய மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் அரசு நிறுவனம். கேட்கிற கையும் கொடுக்கிற கையும் ஒரே உடம்பில் இருக்கும்போது, 'வேண்டாம்' என்று சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்!

அறிக்கை 52 காற்றாடிகளைப் பற்றிப் பேசியது. அவற்றை நிறுத்த நினைத்த இடம் சாதாரண இடம் அல்ல. ஆர்க்டிக் கரையில் தொடங்கும் மத்திய ஆசியப் பறவைப் பாதை வந்து முடிகிற நாடு இலங்கை. அந்தப் பாதையின் வாசற்படி மன்னார். பக்கத்து வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். பூநாரைகள் கூட்டமாக இறங்கும் உப்புத் தரவைகள் அங்கே உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகில் கருவி பொருத்தி, அதற்கு 'மேகா' என்று பெயரிட்டார்கள். அது ரஷ்யாவின் வட கோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை போய் முட்டையிடும் காலத்தைக் கழித்துவிட்டு, மறுபடி மன்னாருக்கே வந்தது. கைக்குள் அடங்கும் கருவி ஒன்று காட்டித் தந்த அந்தப் பாதையை நினைத்தாலே எனக்கு மெய் சிலிர்க்கிறது. பறவைகள் நெருங்கினால் ரேடார் கண்டுபிடித்துக் காற்றாடியை நிறுத்திவிடலாம் என்பது பொறியியலாளர்களின் பதில். செய்யலாம்தான். ஆனால் நிறுத்துகிற ஒவ்வொரு மணிக்கும் வருமானம் நிற்கும். நிறுத்துவதா வேண்டாமா என்பது அந்த வருமானத்தைப் பெறுகிறவர் கையில் இருக்கக் கூடாது.

2024 மே மாதம் அமைச்சரவை விலையை ஒப்புக்கொண்டது. 20 ஆண்டுக்கு, ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். அதே மாதத்தில் சூழல் அமைப்புகளும் உயிரியல் அறிஞர் ரொஹான் பெத்தியாகொடவும் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். மன்னார் ஆயரும் வழக்காடியவர்களில் ஒருவர். செப்டம்பரில் ஆட்சி மாறியது. திட்டத்தை மறுபரிசீலனை செய்வதாக அக்டோபரில் சட்டமா அதிபர் மன்றில் தெரிவித்தார். அநுர குமார திசாநாயக்க அரசு 6 சதத்துக்குக் குறைய வேண்டும் என்று நின்றது. பழைய விலை இரத்தாயிற்று. 2025 பிப்ரவரியில் நிறுவனம் தானே விலகிக்கொண்டது.

விலையில் அரசு பிடித்த பிடிவாதம் சரி என்று நினைக்கிறேன். அதே 2025இல் போட்டி விலைமனு மூலம் மன்னாரில் 50 மெகாவாட் திட்டமொன்று 4.65 சதத்துக்குப் படிந்தது. இரண்டின் அளவும் சுமையும் ஒன்றல்ல என்பதை ஏற்றுக்கொண்டாலும், வித்தியாசம் 3.61 சதம். ஆண்டுக்கு நூறு கோடி அலகு என்று வைத்துக்கொண்டால் 3.6 கோடி டொலர். அதுவும் 20 வருடம். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு வீட்டின் மின்கட்டணச் சீட்டிலும் அது வந்து விடிந்திருக்கும்.

ஆனால் திட்டம் முறிந்தது விலையில். பறவைகளுக்கு என்ன பதில், ஊருக்கு என்ன பதில் என்று தீர்ப்பு எழுத வேண்டிய தேவை வராமலே போனது. மலிவாகக் கிடைத்தால் எல்லாம் சரி என்ற எண்ணம் மட்டும் மிஞ்சியது. சில மாதங்களிலேயே அதன் விளைவு தெரிந்தது.

2025 ஆகஸ்டில் புதிய காற்றாடிகளுக்கான பாகங்களை ஏற்றிய நீண்ட வாகனங்கள் மன்னாருக்கு வந்தபோது, மக்கள் வீதியில் உட்கார்ந்தார்கள். 50 மெகாவாட் ஒன்று, 20 மெகாவாட் ஒன்று. இரண்டுக்கும் அனுமதி ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அருட்தந்தையர்களும் மீனவரும் பெண்களும் இரவு பகலாக இருந்தார்கள். ஆகஸ்ட் 13இல் ஜனாதிபதி மன்னார்ப் பிரதிநிதிகளைச் சந்தித்து ஒரு மாதத்துக்கு வேலையை நிறுத்தச் சொன்னார். மாதம் முடிந்ததும் வேலை தொடரும் என்றது அரசு. செப்டம்பர் 26 இரவு பொலிஸார் கூட்டத்தைத் தள்ளி வழி திறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள். 29ஆம் தேதி மன்னார் கடையடைத்தது. இந்த இரண்டு திட்டங்களுக்கும் மேல், மக்கள் சம்மதிக்காமல் தீவில் புதிய காற்றாலை வராது என்றும் அரசு சொன்னது. அந்த வாக்குறுதியைப் பெற இத்தனை அடி வாங்க வேண்டியிருந்ததா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மக்கள் சொன்னது என்ன? மீன் கரையை அண்டுவதில்லை என்றார்கள். கனிய மணல் எடுக்க வருகிறவர்களுக்கும் இதுவே பாதை போட்டுக் கொடுக்கும் என்றார்கள். எல்லாவற்றிலும் உரக்கச் சொன்னது வெள்ளத்தைப் பற்றி. மன்னார்த் தீவு உள்ளங்கை மாதிரி தட்டையானது. கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை. மாரி மழை மணலில் இறங்கும், மிச்சம் சின்னச் சின்னத் தாழ்வுகள் வழியாகக் கடலுக்கு ஓடும். ஒவ்வொரு காற்றாடிக்கும் பாரந்தூக்கியை நகர்த்தப் பலமான பாதை வேண்டும், அது மண்ணை உயர்த்தித்தான் போட முடியும். அந்தப் பாதைகள் தண்ணீரை மறித்துவிட்டன, முன்பு ஒரு நாளில் முற்றத்திலிருந்து வடிந்த நீர் இப்போது வாரக்கணக்கில் நிற்கிறது என்பது ஊராரின் முறைப்பாடு. சரியா தவறா என்று நிறுவுவது கடினமான காரியமே அல்ல. மட்டம் பார்க்கும் கருவி ஒன்று, இரண்டு மாரிகாலம், ஊரில் வயதானவர் நாலு பேர் போதும்.

தம்பபவனி வந்து ஐந்து மாரி கடந்துவிட்டது. அடுத்த கோப்பு மேசைக்கு வருமுன், அது பூநகரிக்கானாலும் சரி மன்னாருக்கானாலும் சரி, கார்த்திகை மாத மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பொறுப்பான அதிகாரி ஒருவர் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அந்த ஒழுங்கைகளில் இறங்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பாதையில் முட்டி நிற்கிறது என்று வீட்டுக்காரரோடு நின்று குறித்துக்கொண்டு வரவேண்டும். அந்த வரைபடம் ஒப்பந்தக் கடதாசிக்கு முன்னால், கோப்பின் முதல் பக்கமாக இருக்க வேண்டும்.