துறைமுகத்திலிருந்து 300 கி.மீ... இட்டேரியில் 3 கி.மீ!

மறுசுழற்சி இயந்திரங்கள் ஊருக்குள் வரும்போது விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கும் 40 அடி கன்டெய்னர் ஒன்று, பல்லடம், தாராபுரம் பக்கமுள்ள ஒரு மில்லுக்கு வந்துசேரச் சுமார் 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். மதுரை வரை நான்குவழிச் சாலை. அங்கிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம். இல்லையென்றால் திண்டுக்கல்லில் இருந்து கரூர் போய், காங்கேயம் வழியாகப் பல்லடம். இந்த 300 கிலோமீட்டரில் பெரிய சிக்கல் எதுவும் வருவதில்லை. மெயின் ரோட்டை விட்டு இறங்கி, மில் வாசலுக்குப் போகிற கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் எல்லாச் சிக்கலும். ஊராட்சி ரோடு, பி.ஏ.பி. வாய்க்கால் மேல் ஒரு சிறுபாலம், தாழத் தொங்கும் கரன்ட் கம்பி, அதைத் தாண்டினால் இருபுறமும் கிளுவை வேலி போட்ட இட்டேரி.

வருவது என்ன இயந்திரம் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. திருப்பூரில் பனியன் துணியை வெட்டும்போது, நூறு கிலோவுக்குப் பத்துப் பதினைந்து கிலோ துண்டுகளாக விழும் என்பது பொதுவான கணக்கு. ‘கட்டிங் வேஸ்ட்’ என்பார்கள். அதை நிறம் வாரியாகப் பிரித்து, சிறிதாக நறுக்கி, ஊசிப்பற்கள் பதித்த உருளைகளில் விட்டுக் கிழித்தால் மறுபடியும் பஞ்சாகிவிடும். அந்தப் பஞ்சை ‘ஓபன் எண்ட்’ மில்கள் நூலாக்குகின்றன. கிழிக்கும் இயந்திரம், பஞ்சைச் சுத்தம் செய்யும் இயந்திரம், பேல் கட்டும் பிரஸ், நூற்கும் இயந்திரம் என வரிசையாக வேண்டும். உள்நாட்டில் செய்தவையும் உண்டு, ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வருபவையும் உண்டு.

சிவப்புத் துண்டைக் கிழித்தால் சிவப்புப் பஞ்சு. அதற்கு மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயம் இல்லையென்றால் சாயத்தண்ணீரும் இல்லை. நொய்யல் கரை விவசாயிக்கு இது சின்ன விஷயம் அல்ல. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதையும், அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்ததையும் யாரும் மறக்கவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2009-ல் உச்ச நீதிமன்றமும், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை உறுதிசெய்தன. அது நடக்காததால், 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூடவே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆர்.ஓ. சவ்வுகளும், மிச்ச உப்புத்தண்ணீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கிகளும் தவிர்க்க முடியாதவை ஆனது அதன் பிறகுதான். ஆகவே, மறுசுழற்சி இயந்திரம் ஊருக்குள் வருவதை விவசாயி எதிர்க்கக் காரணமில்லை. வருகிற வழியில் அவர் பாலமும் கம்பியும் குழாயும் உடையக் கூடாது, அவ்வளவுதான்.

எது ‘அளவுக்கு மீறியது’?

காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஊர்ந்துபோகும் நீளவண்டியைப் பார்க்காத தாராபுரம், உடுமலை விவசாயி இருக்க மாட்டார். லாரிக்காரர்கள் இதை ‘ஓ.டி.சி.’ என்கிறார்கள். மோட்டார் வாகன விதிப்படி சரக்கு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. உயரம் 4 மீட்டர், கன்டெய்னர் ஏற்றினால் 4.52 மீட்டர். இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த நீளம் 18.75 மீட்டர். மொத்த எடை 55 டன். இவற்றைத் தாண்டினால் தனி அனுமதி வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும், மாநிலச் சாலைக்கு மாநில நெடுஞ்சாலைத் துறையும் பார்க்க வேண்டும். அனுமதி இல்லாமல் பக்கவாட்டிலோ மேலேயோ துருத்திக்கொண்டு போனால் 20,000 ரூபாய் அபராதம்.

எடை மிகுந்த சரக்குக்கு, வரிசை வரிசையாகச் சக்கரம் கோத்த ஹைட்ராலிக் டிரெய்லர் வரும். பாலத்தில் ஏறும்போது நடுவில்தான் போக வேண்டும், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம், அந்த நேரத்தில் பாலத்தின் மேல் வேறு வண்டி இருக்கக் கூடாது, பாலத்தின் மேல் பிரேக் போடக் கூடாது. இப்படியெல்லாம் நிபந்தனை எழுதித்தான் அனுமதி கொடுக்கிறார்கள்.

ஆனால், திருப்பூருக்கு வரும் மறுசுழற்சி இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பிரித்துப் பெட்டிகளில் அடைத்து, 40 அடி கன்டெய்னருக்குள் அடங்கித்தான் வருகின்றன. நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை அது சாதாரணச் சரக்கு. தனி அனுமதி இல்லை, முன்னே எச்சரிக்கை வண்டி இல்லை, பாலத்துக்கு நிபந்தனை இல்லை. அதே வண்டி ஊராட்சி ரோட்டுக்குள் திரும்பினால் கதை வேறு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோட்டின் தார்ப்பகுதி அகலமே 3.75 மீட்டர். போக்குவரத்து குறைந்த இடத்தில் 3 மீட்டர்தான், அதாவது 10 அடி. அதில் எட்டரை அடி அகல வண்டி. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் எங்கே ஒதுங்குவது? தேசிய நெடுஞ்சாலையில் எல்லாவற்றுக்கும் விதி எழுதியவர்கள், இந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரைக் கேட்பாரற்று விட்டுவிட்டார்கள். கேட்க வேண்டியவர் அந்த வழியில் தோட்டம் வைத்திருப்பவர்தான்.

மூங்கில் கழியைத் தொடாதீர்கள்

இதில் உயிருக்கே ஆபத்தானது மின்கம்பி. ரோட்டுக்குக் குறுக்கே போகும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டரும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டரும் இருக்க வேண்டும் என்பது மின்பாதுகாப்பு விதி. அங்கே கன்டெய்னர் தாராளமாகப் போகும். ரோடு அல்லாத இடங்களில், அதாவது காட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும், காப்பு உறை இல்லாத கம்பி 4.6 மீட்டர் இருந்தாலே போதும். உயரமான வகைக் கன்டெய்னர் 2.9 மீட்டர். அது உட்காரும் டிரெய்லர் தளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். கூட்டினால் 4.4 மீட்டர். கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு சாண்கூட இல்லை. வெயில் காலத்தில் கம்பி தளர்ந்து இன்னும் இறங்கும். கம்பம் சாய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த நேரத்தில் கிளீனர் பெட்டி மேல் ஏறி, மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிடுவார். ‘அண்ணா, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க’ என்று வழியில் நிற்கிற தோட்டக்காரரையும் கூப்பிடுவார்கள். பச்சை மூங்கிலிலும், பனியில் நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும். முழுக்க இரும்பான வண்டி கீழே நிற்கிறது. உதவி என்று நினைத்து யாரும் இதற்குப் போகக் கூடாது. மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் முன்கூட்டியே சொன்னால், வண்டி கடக்கும் நேரத்துக்கு மட்டும் லைனை நிறுத்துவார்கள். வண்டிகள் தொடர்ந்து வருமென்றால், மில்லுக்காரர் பணம் கட்டி உயரமான கம்பம் போட வைப்பதுதான் முறை. தாழ்ந்து தொங்கும் கம்பியைப் பற்றி மின்னகம் 94987 94987 எண்ணில் யார் வேண்டுமானாலும் புகார் பதியலாம்.

சிறுபாலம் உடைந்தால்...

அடுத்தது வாய்க்கால். நெடுஞ்சாலையில் இரட்டை அச்சுக்கு 21 டன் வரை சட்டமே அனுமதிக்கிறது. கிளை வாய்க்கால்கள் மேல் உள்ள குழாய்ப் பாலங்கள் பலவும் மாட்டுவண்டியையும் டிராக்டரையும் மனதில் வைத்துப் போட்டவை. சட்டப்படி சரியான எடையுள்ள வண்டியே அவற்றை நொறுக்கிவிடும். உடைந்த குழாய் தண்ணீரை அடைத்துக்கொள்ளும். பி.ஏ.பி.யில் சுற்று முறையில்தான் தண்ணீர் வருகிறது. வருகிற நாளும் கைவிட்டு எண்ணக்கூடியது. அந்த நாளில் பாலம் அடைத்துக்கொண்டால், கடைமடையில் காத்திருக்கும் வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்து விவசாயிக்கு அந்தச் சுற்றே போய்விடும். அடுத்த சுற்றில் இதை ஈடுகட்ட யாரும் கூடுதல் தண்ணீர் தரப்போவதில்லை.

எனவே, மில் கட்டுமானம் தொடங்கும்போதே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் ஒரு மனுவை நீர்வளத் துறைக்கும், நகல் ஒன்றை ஊராட்சி ஒன்றியப் பொறியாளருக்கும் கொடுத்துவிட வேண்டும். எந்த எந்தப் பாலம், இப்போது என்ன நிலையில் இருக்கிறது, எத்தனை டன் தாங்கும் என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். மனுவோடு பாலத்தின் போட்டோவும் இருக்கட்டும். ‘ஏற்கெனவே விரிசல் இருந்தது’ என்ற பேச்சுக்கு அப்புறம் இடமிருக்காது. தண்ணீர் விடாத நாளிலும், மழைக்காலம் தவிர்த்தும் கனரக வண்டியை வரச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண் பாதையில் 40 டன் வண்டி இறங்கினால், வண்டியும் புதையும், பாதையும் போகும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மெயின் ரோட்டோரம் ஓர் இடத்தில் கன்டெய்னரைத் திறந்து, கிரேன் வைத்து இறக்கி, சிறிய லாரிகளில் ஊருக்குள் கொண்டுபோவது. இயந்திரம் பிரித்து அடைத்த பெட்டிகளாக வரும்போது இது பெரும்பாலும் முடியக்கூடியதே. கிரேன் வாடகையும் ஒருநாள் தாமதமும் கூடும் என்று மில்லுக்காரர்கள் தயங்குவார்கள். ஒரு வாய்க்கால் பாலத்தைத் திரும்பக் கட்டுவதோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல. ஒரே துண்டாக வரும் ஆவியாக்கி உருளைக்கும் பாய்லருக்கும் மட்டும் இது உதவாது. அவற்றுக்கு வழியை முன்பே நடந்து அளந்தாக வேண்டும்.

இட்டேரி யாருடையது?

‘எங்க பாதையில விடமாட்டோம்னு சொல்ல முடியுமா?’ என்பது பல ஊர்களில் எழும் கேள்வி. பாதை யாருடையது என்பதைப் பொறுத்தது அது. புல வரைபடத்திலும் கிராமக் கணக்கிலும் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால், அது பொதுவழி. மறிக்க முடியாது. சேதம் வராமல் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பட்டா நிலத்தில், காலங்காலமாக வண்டி போய்வரும் தடம் என்றால் நிலைமை வேறு. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஒருவகை வழியுரிமை இன்னொரு வகை வழியுரிமையை உள்ளடக்காது என்கிறது. மில்லுக்காரர் வாங்கிய காட்டுக்கு நடைபாதை உரிமை மட்டும் இருந்தது என்றால், அதை வைத்துக்கொண்டு டிரெய்லர் ஓட்ட முடியாது. கிரயப் பத்திரத்தில் பாதையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை வக்கீலிடம் காட்டிப் படித்துக்கொள்ள வேண்டும்.

இட்டேரியைச் சம்மதித்து அகலப்படுத்த விடுபவர்களும் இருக்கிறார்கள். நல்ல பாதை கிடைத்தால் அவர்களுக்கும் லாபம்தான். ஆனால், வெட்டிய கிளுவை வேலியை மறுபடி நட்டுத் துளிர்க்க வைக்கச் சில வருடங்கள் ஆகும். அதுவரை கொறங்காட்டில் மாடு எப்படி நிற்கும்? தற்காலிகக் கம்பிவேலி யார் செலவு என்பதைப் பேச்சோடு விடாமல் பத்திரத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. புறம்போக்கில் நிற்கும் வேம்பையோ புளியையோ வழிக்காக வெட்டுவதென்றால், மில்லுக்காரரும் விவசாயியும் பேசி முடிவுசெய்ய முடியாது. வருவாய்த் துறை அனுமதியும் பசுமைக் குழுவும் அதில் உண்டு.

கடைசியாக, எல்லோரும் மறந்துபோகும் ஒன்று: பாதைக்கு அடியில் போகும் பி.வி.சி. குழாய். கிணற்றிலிருந்து அக்கரைத் தோட்டத்துக்கு ஓரடி, ஒன்றரை அடி ஆழத்தில் பதித்த குழாய்கள் இட்டேரிக்கு ஐந்தாறாவது இருக்கும். வண்டி போய் இரண்டு நாள் கழித்து, சொட்டுநீரில் அழுத்தம் குறையும்போதுதான் உடைந்தது தெரியும். அதற்குள் டிரெய்லர் தூத்துக்குடிக்கே திரும்பியிருக்கும். வண்டி வருமுன் ஒவ்வொரு குழாய் கடக்கும் இடத்திலும் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். அந்த இடத்தில் குழாயை சிமென்ட் ஹ்யூம் பைப்புக்குள் நுழைத்துத் தரச் சொல்லி மில்லுக்காரரிடம் கேட்கலாம். ஊராட்சி ரோட்டைக் குடைந்து அனுமதி வாங்காமல் பதித்த குழாய் என்றால் இழப்பீடு கேட்பது கடினம். அப்படிப்பட்டவர்கள் இப்போதே ஊராட்சியில் விண்ணப்பம் கொடுத்து முறைப்படுத்திக்கொள்ளலாம். உடைந்தது உடைந்ததுதான், யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால், போட்டோவையும் வண்டி எண்ணையும் தேதியையும் எடுத்துக்கொண்டு மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே மின்வாரியம், நீர்வளத் துறை, ஊரக வளர்ச்சித் துறை அதிகாரிகள் ஒரே அறையில் இருப்பார்கள்.