ஒலிபெருக்கி மாற்றீடு

ஒலிபெருக்கி மாற்றீடு என்பது, உயர்தர வீட்டு ஒலித்தொகுதியில் பழுதுற்ற ஒலிபெருக்கிகளை நீக்கி, அத்தொகுதிக்கும் அது வைக்கப்பட்டுள்ள அறைக்கும் பொருந்தும் வேறு ஒலிபெருக்கிகளைத் தெரிவு செய்து இணைப்பதாகும். ஆம்ப்ளிஃபையர் என வழங்கும் மிகைப்பி அசையும் உறுப்புகள் அற்றது. பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியது. ஒலிபெருக்கியோ இடையறாது அதிரும் கூம்பினைக் கொண்டது. எனவே பெரும்பாலும் அதுவே முதலில் தேய்கிறது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் வெப்பமும் ஈரப்பதமும் இத்தேய்வை விரைவுபடுத்துகின்றன.

வரலாறு

இன்று வழங்கும் இயங்குசுருள் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகியோர் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1954 இல் எட்கர் வில்ச்சர் காற்றுப்புகாத சிறு பெட்டியிலேயே ஆழ்ந்த கீழ்ச்சுரங்களைப் பெறும் முறையை அறிமுகப்படுத்தினார். ஒலிபெருக்கிக்கும் அதன் பெட்டிக்கும் உள்ள உறவைக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961 இல் வகுத்தார். ரிச்சர்டு ஸ்மால் 1970களில் அதனை விரிவுபடுத்தினார். இம்முறையில் பயன்படும் அளவுகள் இருவர் பெயராலும் தீல்-ஸ்மால் அளவுருக்கள் எனப்படுகின்றன.

பழுதைக் கண்டறிதல்

மாற்றீட்டுக்கு முன் பழுது எங்குள்ளது என அறிதல் இன்றியமையாதது. ஒலி கரகரப்பதற்கு ஒலிபெருக்கி மட்டுமே காரணம் அன்று. இடப்பக்க, வலப்பக்கக் கம்பிகளை மிகைப்பியில் மாற்றி இணைத்தபின் கரகரப்பு அதே பெட்டியில் தொடர்ந்தால் பழுது அப்பெட்டியில் உள்ளது. மறுபெட்டிக்கு இடம் மாறினால் அது மிகைப்பியிலோ அதற்கு முந்தைய கருவியிலோ உள்ளது.

8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கியின் குரல்சுருள், மல்டிமீட்டரில் பொதுவாக 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிடின் சுருள் அறுந்துள்ளது எனக் கொள்ளலாம். கூம்பை விரல்களால் மெல்ல, சீராக அழுத்தும்போது உராயும் ஓசை கேட்டால் சுருள் நடுநிலை பிறழ்ந்துள்ளது. மேற்சுரங்கள் மட்டும் மங்கினால் டுவீட்டரையோ, பகுப்புச் சுற்றில் உள்ள மின்தேக்கிகளையோ சோதிக்க வேண்டும்.

தட்பவெப்பத்தின் தாக்கம்

வூஃபரின் கூம்பைச் சட்டத்துடன் இணைக்கும் விளிம்பு வளையம், கடைகளில் சரவுண்ட் எனப்படுகிறது. 1970கள் முதல் பல நிறுவனங்கள் இதனைப் பாலியூரித்தேன் நுரையால் செய்தன. காற்றிலுள்ள நீராவியால் இந்நுரை நீராற்பகுப்புக்கு உள்ளாகி, தொட்டாலே உதிரும் நிலையை அடைகிறது. வெப்பம் இவ்வினையை விரைவுபடுத்தும். வறண்ட, குளிர்ந்த நாட்டில் நெடுங்காலம் நிலைத்த நுரை வளையம், கடற்கரையை அடுத்த சென்னைப் பகுதியில் அதனினும் முன்னதாகவே சிதையக்கூடும். பயன்படுத்தாது மூடி வைத்திருப்பினும் சிதைவு நிற்பதில்லை.

வளையம் மட்டும் சிதைந்து, கூம்பும் சுருளும் நல்ல நிலையில் இருந்தால் முழு ஒலிபெருக்கியையும் கைவிட வேண்டியதில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு மின்னணு உதிரிப்பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடமாகும். வளையத்தை மாற்றும்போது சுருள் நடுவில் அமையுமாறு ஒட்டுதல் வேண்டும். புதியன வாங்குவோருக்கு ரப்பர் வளையம் கொண்டவை இத்தட்பவெப்பத்தில் ஏற்றவை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பெரும்பாலான ஒலிபெருக்கிப் பெட்டிகள் மரத்தூள் அல்லது மர இழைகளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. இப்பலகை நீரில் ஊறினால் உப்பும். காய்ந்தபின்னும் பழைய வடிவுக்குத் திரும்பாது. எனவே நீரில் மூழ்கிய பெட்டியை உலர்த்திப் பயன்படுத்துவதினும் மாற்றுவதே தக்கது. தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் வாழ்வோருக்கு, எளிதில் தூக்கி உயரத்தில் வைக்கக்கூடிய சிறு பெட்டிகள் தரையில் நிற்கும் பெரும் பெட்டிகளைவிடப் பாதுகாப்பானவை.

மிகைப்பியுடன் பொருத்தம்

மின்மறுப்பு: 8 ஓமுக்கென அமைக்கப்பட்ட மிகைப்பியுடன் 4 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் அதிக மின்னோட்டம் பாய்ந்து மிகைப்பி சூடேறும். கோடை வெப்பத்தில் இது மேலும் இடர் தருவது.

உணர்திறன்: 89 டெசிபல் உணர்திறன் கொண்ட ஒலிபெருக்கி 50 வாட்டில் தரும் ஒலியளவைப் பெற, 86 டெசிபல் கொண்டதற்கு 100 வாட் தேவை. 4 ஓம் ஒலிபெருக்கிக்கு இவ்வளவு 2.83 வோல்ட்டில் தரப்பட்டிருந்தால் அது 1 வாட்டுக்குரியது அன்று, 2 வாட்டுக்குரியது. ஒப்பிடும்போது 3 டெசிபல் கழித்தல் வேண்டும்.

பெட்டி: பழைய பெட்டியிலேயே வேறு வூஃபரைப் பொருத்துவதாயின் விட்டம் ஒத்திருப்பது மட்டும் போதாது. தீல்-ஸ்மால் அளவுருக்களும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் கீழ்ச்சுரங்கள் வீங்கியோ மெலிந்தோ ஒலிக்கும்.

இணை: ஒரு பக்கம் மட்டும் பழுதாகி அதே வகை கிடைக்காவிடின், இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்றுதல் நன்று.

அறையின் பங்கு

இப்பகுதி வீடுகளில் செங்கற்சுவர், கான்கிரீட் கூரை, ஓடு அல்லது கிரானைட் தரை ஆகியன பரவலாக உள்ளன. இவை ஒலியை உறிஞ்சாது எதிரொலிப்பவை. 12 அடி நீள அறையில் ஏறத்தாழ 48 எர்ட்சில் ஒத்ததிர்வு எழும். எனவே சிறு அறையில் பெரிய வூஃபர் தெளிவைக் கூட்டுவதற்கு மாறாக இரைச்சலைக் கூட்டக்கூடும். பின்புறத் துளையுடைய பெட்டியைச் சுவரை ஒட்டி வைத்தல் இக்குறையை மிகுவிக்கும். கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, நூல் அடுக்கு ஆகியன எதிரொலியைக் குறைக்கும். இவற்றை அமைத்தபின் பழைய ஒலிபெருக்கியே போதுமானதாகத் தோன்றுவதும் உண்டு.

கேட்டுத் தெரிதல்

கடையின் பெரிய, குளிரூட்டப்பட்ட அறையில் நன்கு ஒலிப்பது வீட்டில் அவ்வாறே ஒலிக்கும் எனக் கொள்ள இயலாது. இயலுமாயின் வீட்டிலேயே கேட்டுத் தெரிதல் சிறந்தது. நன்கறிந்த இசைப்பதிவு இதற்கு உதவும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி கீழ்ச்சுரங்களின் கட்டுப்பாட்டையும், பாடகரின் குரல் நடுச்சுரங்களின் இயல்பையும், தம்புராவின் மெல்லிய சுருதி நுண்ணொலிகளையும் காட்டும். இரு ஒலிபெருக்கிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்குதல் வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே மேலானது எனச் செவி மயங்குவது இயல்பு.

இவற்றையும் பார்க்கவும்

ஒலிபெருக்கி
மிகைப்பி
மின்மறுப்பு
டெசிபல்