சகேயு போட்ட கணக்கு

நீதியும் இரக்கமும் – 9

மறைந்த ஊழியர் ரவி சகரியாஸ் பெண்களிடம் அத்துமீறியது பற்றிய 2021 பிப்ரவரி விசாரணை அறிக்கையில் சென்ற வாரம் நிறுத்தினோம். தவறு செய்தவரிடம் முதலில் தனியாகப் பேசு, பிறகு சாட்சிகளோடு பேசு, அதன்பின் சபைக்குச் சொல் என்று மத்தேயு 18ஆம் அதிகாரம் மூன்று படிகளைச் சொல்கிறது. பெயர்பெற்ற ஊழியர் ஒருவருக்கு அவற்றை எப்படிப் பொருத்துவது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் சகேயு குறுக்கே வந்துவிட்டார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே திருவேங்கடத்தில் இந்தத் தொடரை விடாமல் வாசிக்கும் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருக்கிறார். போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு, “செத்துப்போன மனுசன் மேல இன்னும் என்னத்துக்குத் தம்பி எழுதிக்கிட்டு இருக்கிய? ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. நாம மன்னிச்சிட்டுப் போவோம்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, உண்மையான வருத்தத்தோடு சொன்னார். சகரியாஸின் பேச்சைக் கேட்டு விசுவாசத்தில் நிலைத்த பிள்ளைகள் அவர் குடும்பத்திலும் உண்டு. நான் பதில் சொல்லும் முன்பே உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “மன்னிக்கிறது இருக்கட்டும். பாதிக்கப்பட்ட அந்தப் பொம்பளப் பிள்ளைகளுக்கு யாரு என்ன குடுத்தாக?”

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து லூக்கா 19ஐத் திறந்தேன்.

ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் சகேயுவைத் தெரியும். குள்ளமான மனிதர், கூட்டத்துக்கு நடுவே இயேசுவைப் பார்க்க வழியில்லாமல் காட்டத்தி மரத்தில் ஏறியவர். பிள்ளைகளுக்கு மரம்தான் கதை. ஆனால் லூக்காவில் மரம் ஏறுவது ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. விஷயம் இருப்பது அவர் இறங்கி வந்தபிறகு.

எரிகோ வணிகப் பாதையில் இருந்த ஊர். பேரீச்சைக்கும் பல்சாம் என்ற வாசனைப் பிசினுக்கும் பேர்போனது. அந்த வழியே போகும் சரக்குக்கு ஆயம் வசூலிக்கும் உரிமையை ரோம ஆட்சியில் குத்தகைக்கு எடுத்தார்கள். நம் பக்கத்தில் வாரச்சந்தை வசூலை ஏலம் எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டால் மேலே வருவதெல்லாம் குத்தகைதாரருக்கு. கூடுதலாகக் கேட்டால், தலைச்சுமையோடு நிற்கிற சம்சாரி யாரிடம் போய் முறையிடுவார்? சகேயு அந்த ஆயக்காரர்களுக்கெல்லாம் தலைவர். ஊரறிந்த ஆள், பணக்காரர், ஊரே வெறுத்தவர்.

வீட்டுக்கு வந்த இயேசுவிடம் அவர் தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். எத்தனையோ பிரசங்கங்களில் கேட்ட செய்திதான். இந்த வாரம்தான் அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

மோசேயின் சட்டத்தில் ஈடு கட்டுவதற்கு ஒரே அளவு கிடையாது. தவறு செய்தவன் தானே அறிக்கையிட்டால் முதலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். லேவியராகமம் 6, எண்ணாகமம் 5 இரண்டிலும் இதே அளவுதான். திருடினவன் பிடிபட்டு, ஆடு உயிரோடு அவன் கையில் இருந்தால் இரண்டு மடங்கு. ஆட்டைக் கொன்றிருந்தாலோ விற்றிருந்தாலோ ஆட்டுக்கு நான்கு, மாட்டுக்கு ஐந்து. இது யாத்திராகமம் 22. திருப்பிக் கொடுக்கவே முடியாதபடி ஒன்றை அழித்துவிட்டவனுக்குத்தான் மிகப் பெரிய தொகை.

சகேயுவை யாரும் பிடிக்கவில்லை. வழக்கு இல்லை, சாட்சி இல்லை. தானாகவே வாய் திறந்தவர். சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியது 100 ரூபாய்க்கு 120. அவர் சொன்னது 400. ஆட்டைத் திருடி அறுத்தும் விட்டவனுக்குரிய தண்டனையைத் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறார்! தான் பறித்தது ஏழையின் கையில் என்னவாக இருந்திருக்கும், இன்று அது இல்லாததால் அந்த வீட்டில் என்னென்ன போயிற்று என்று அந்த மனிதர் யோசித்திருக்க வேண்டும். அதனால்தான் தன் பேரில் மிகக் கடுமையான விதியை எடுத்துக்கொண்டார் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. பாதியை முதலில் ஏழைகளுக்கு ஒதுக்கிவிட்டார். ஆகவே நான்கு மடங்கும் மீதிப் பாதியிலிருந்துதான் போக வேண்டும். சொத்து 8 லட்சம் என்று வைப்போம். 4 லட்சம் ஏழைகளுக்கு. அநியாயமாக வந்தது 1 லட்சம் என்றால், அதன் நான்கு மடங்கு மீதமிருக்கும் 4 லட்சத்தையும் துடைத்துவிடும். மொத்தச் சொத்தில் எட்டில் ஒரு பங்கு தப்பான வழியில் வந்திருந்தாலே சகேயு வெறுங்கையோடு நிற்க வேண்டும். சட்டம் கேட்டதை மட்டும் கொடுத்திருந்தால் 1 லட்சத்து 20 ஆயிரத்தோடு முடிந்து, 6 லட்சத்து 80 ஆயிரம் பெட்டியில் இருந்திருக்கும். ஆயக்காரர் தலைவருக்குக் கணக்குத் தெரியாதா? தெரிந்தே சொன்னார்.

இந்த எட்டில் ஒரு பங்கைத் தாளில் போட்டுப் பார்க்கும்போது ராக்லண்ட் நினைவுக்கு வந்தார். நம் வடதிருநெல்வேலிப் பகுதிக்கு 1854இல் வந்த தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜில் 1841 கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். சென்னையில் சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் செயலாளராக இருந்த வேலையை விட்டுவிட்டு, இந்தக் கரிசல் காட்டில் கூடாரம் அடித்து ஊர் ஊராக நடந்தார். 1858இல் சிவகாசியில் இறந்தார். அதிகாரமும் வசதியும் இருந்த இடத்தை அவராகவே காலி செய்துவிட்டு வந்தவர். ஊழியம் பெரிதாகப் பெரிதாக ஊழியரைச் சுற்றி எழும்பும் மதில்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவருடைய கூடாரத்தையும் எண்ணிக்கொள்கிறேன்.

உபதேசியாரின் மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ரவி சகரியாஸ் 1946இல் சென்னையில் பிறந்தவர். 1984இல் தொடங்கிய அவருடைய ஊழிய நிறுவனம் உலகம் முழுக்க அறியப்பட்டிருந்தது. 2020 மே 19 அன்று அவர் இறந்தபோது எல்லாத் திசைகளிலிருந்தும் புகழ்மொழிகள் வந்தன. நான்கே மாதத்தில் அவருக்கு எதிரான சாட்சியங்கள் வெளியாயின. முதலில் நம்ப மறுத்த நிறுவனம், பிறகு மில்லர் அண்ட் மார்ட்டின் என்ற சட்ட நிறுவனத்திடம் விசாரணையை ஒப்படைத்தது. மசாஜ் தொழிலில் இருந்த பெண்களிடம் அவர் பல ஆண்டுகள் அத்துமீறி நடந்துகொண்டார் என்று அறிக்கை முடிவுசெய்தது. பாலியல் வன்கொடுமையே நடந்தது என்று ஒரு பெண் சொன்னதும் அதில் இருக்கிறது. வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்களின் இரட்சிப்பு கெட்டுப்போக நீயே காரணமாவாய் என்று அவளை அவர் எச்சரித்ததாகவும் பதிவாகியிருக்கிறது. ஆத்துமாக்களைக் காட்டியே ஒரு பெண்ணின் வாயைக் கட்டியிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

பணமும் இதில் உண்டு. ஏழைகளுக்கு உதவவென்று காணிக்கை வாங்கிய ‘டச் ஆஃப் ஹோப்’ என்ற நிதியிலிருந்து அனுப்பப்பட்ட தொகையில் கணிசமான பகுதி, ஏதோ ஒரு காலத்தில் அவருக்கு மசாஜ் செய்த நான்கு பெண்களுக்கோ அவர்களின் பொருட்டோ போயிருந்தது. காணிக்கைப் பெட்டியில் பத்து ரூபாய் போடுகிற விதவையின் பெயரால் வந்த பணம்.

பதிப்பகம் அவருடைய புத்தகங்களை நிறுத்தியது. அவருக்கு ஊழிய அங்கீகாரம் கொடுத்திருந்த திருச்சபை அதை ரத்து செய்தது. இதெல்லாம் தேவைதான். ஆனால் இவை நம்முடைய வெட்கத்தைத் தீர்க்கிற காரியங்கள். பாதிக்கப்பட்டவளின் கையில் இவற்றால் என்ன வந்து சேர்ந்தது? சகேயு கொடுத்த நான்கு மடங்கு ஆலயத்துக்குப் போகவில்லை, பறிகொடுத்த ஆளுக்குப் போயிற்று.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. சகேயு பணத்தை எண்ணி வைத்தபிறகு இயேசு அவர் வீட்டுக்கு வரவில்லை. ஊர் முணுமுணுக்க, எந்த நிபந்தனையும் போடாமல் வந்தார். இரக்கம் முந்திக்கொண்டது. அந்த இரக்கம் உள்ளே போனதற்கு அடையாளமாகத்தான் கணக்கு வெளியே வந்தது. நம் சபைகளில் பெரிய ஊழியர் ஒருவர் பிடிபட்டால் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. கணக்கைக் கேட்பவரைக் கடின இருதயம் உள்ளவர் என்கிறோம். அபிஷேகம் பெற்றவரைத் தொடலாமா என்று தாவீதைச் சாட்சிக்கு இழுக்கிறோம். தாவீது, அரசரான சவுலைக் கொல்ல மறுத்தது உண்மை. அதே தாவீதுதான் சவுலின் சால்வையில் அறுத்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கேட்க அவருடைய அநியாயத்தை எடுத்துச் சொன்னார். அந்தப் பாதியை மட்டும் விட்டுவிடுகிறோம்.

மன்னிக்கும் உரிமை யாருக்கு என்பதில் கிளாடிஸ் ஸ்டெயின்ஸை விடத் தெளிவான சாட்சி இந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரியான அவருடைய கணவர் கிரகாமையும், மகன்கள் 10 வயது பிலிப்பையும், 6 வயது திமொத்தியையும் ஜீப்போடு எரித்தார்கள். அவர் மன்னித்தார். பறிகொடுத்தவர் அவர், ஆகவே அந்த மன்னிப்பு அவர் கொடுக்கக் கூடியது. அதே சமயம் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பதும் அவர் கருத்து. வழக்கு அதன் வழியில் போயிற்று. 2003இல் முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை, 2005இல் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒரு விதவையின் மன்னிப்பு எந்த நீதிமன்றத்துக்கும் தடையாக நிற்கவில்லை. எந்தத் தீர்ப்பும் அந்த மன்னிப்பைச் சின்னதாக்கவும் இல்லை.

நம் மாநிலத்திலேயே வேறொரு கதை நடந்தது. ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்ற குரு, 2004இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்கு ஊழியத்துக்குப் போனார். அங்கே பதின்வயதுப் பெண்கள் மேல் கைவைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2005இல் ஊர் திரும்பியவர், 2012இல் தமிழ்நாட்டில் கைதாகி, அங்கே அனுப்பப்பட்டு, 2015இல் ஒரு பெண் தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒரு நாளும் சிறை. காவலில் இருந்த காலம் கழிக்கப்பட்டு இந்தியா திரும்பினார். 2016 தொடக்கத்தில் வாட்டிகனின் ஆலோசனையோடு அவர் மேலிருந்த ஊழியத் தடையை மறைமாவட்டம் நீக்கியது. பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். சிறைத்தண்டனை அரசுக்குச் செலுத்திய கடன். அந்தப் பெண்களுக்குச் செலுத்த வேண்டியது வேறு. குருவைத் திரும்ப ஏற்பதற்கு முன் சபை அந்த இரண்டாவது கணக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உபதேசியார் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆள் செத்துவிட்டால்?

எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் இதையும் பாதி தொட்டிருக்கிறது. ஈட்டை வாங்க வேண்டியவர் இறந்து, வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லையென்றால் என்ன செய்வது? கடன் தள்ளுபடி ஆவதில்லை. அது கர்த்தருக்குரியதாகி ஆசாரியரிடம் போக வேண்டும். வாங்குகிறவருடைய சாவு கடனை அழிப்பதில்லை என்றால், கொடுக்க வேண்டியவருடைய சாவு மட்டும் எப்படி அழிக்கும்? அவருடைய பெயரால் கட்டடம் எழும்பியிருக்கிறது, காணிக்கை வந்திருக்கிறது, சம்பளம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் முறையிட்டபோது, சகரியாஸ் அந்தத் தம்பதியர் மீதே வழக்குப் போட்டு, வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு முடித்தார். நிறுவனம் அவர் பக்கம் நின்றது. 2021இல் அது தவறு என்று நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டது. ஆக, சகேயு இறந்துவிட்டாலும் சகேயுவின் ஆயத்துறை இருக்கிறது. உபதேசியார் ஐயாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப சவுலு கதையப் படிங்க” என்றார்.

சரியான இடம் அது. இறந்துபோன ஒரு பெரிய மனிதரின் அநியாயத்துக்கு உயிரோடு இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டி வந்த கதை, இரண்டு சாமுவேல் 21. சவுல் கிபியோனியரைக் கொன்றார். அவர் இறந்து ஆண்டுகள் கழிந்தபின் மூன்று வருடம் பஞ்சம். தாவீது கிபியோனியரைக் கூப்பிட்டு, உங்களுக்கு நான் என்ன செய்து ஈடு கட்ட வேண்டும் என்று கேட்கிறார். பாதிக்கப்பட்டவர்களிடமே போய்க் கேட்டது சரி. வந்த பதிலோ பயங்கரம். சவுலின் வம்சத்தில் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள், அவர்களில் இருவர் சவுலின் மறுமனையாட்டியான ரிஸ்பாளின் பிள்ளைகள். குற்றம் செய்யாதவர்கள் தலையில் கடன் விழுந்தால் அதற்கும் நீதி என்று பெயர் வைக்கலாமா என்பதைப் பேசாமல் மேலே போக முடியாது. அடுத்த வாரம் ரிஸ்பாள். மத்தேயு 18 அதற்கடுத்த வாரம்.

(தொடரும்)