கறுப்புக் காயால் இரண்டு வெற்றி... க்ராம்னிக்கை மிரளவைத்த ஆனந்த்!

செஸ் போட்டியில் கறுப்புக் காய் கிடைத்தாலே பல குழந்தைகளின் முகம் வாடிவிடும். முதல் நகர்த்தல் வெள்ளைக்குத்தானே! கறுப்புக்கு டிரா கிடைத்தாலே லாபம் என்பார்கள்.

அந்தக் கணக்கை மாற்றிக்காட்டினார் விஸ்வநாதன் ஆனந்த். 2008 அக்டோபரில், ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் பட்டத்துக்காக ரஷ்யாவின் விளாடிமிர் க்ராம்னிக்குடன் மோதினார். மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு. 'செமி ஸ்லாவ்' தடுப்பாட்டத்தின் மெரான் வகையைக் கையில் எடுத்தார். ராஜாவுக்குக் கோட்டை கட்டாமல் நடுவிலேயே நிறுத்திவிட்டு, திறந்து கிடந்த 'ஜி' வரிசையில் யானையைக் கொண்டுவந்து தாக்கினார். 41 நகர்த்தல்களில் வெற்றி! ஐந்தாவது ஆட்டத்திலும் அதே தடுப்பாட்டம். 35 நகர்த்தல்களில் வெற்றி. 6.5-4.5 என்ற கணக்கில் பட்டம் ஆனந்திடமே தங்கியது.

உங்கள் வீட்டுக் குட்டி கறுப்புக் காயைக் கண்டு தயங்கினால், இந்த இரண்டு ஆட்டங்களையும் பலகையில் ஆடிக் காட்டுங்கள்.